வல்வெட்டித்துறையின் கல்வெட்டுகள்: கடல் கடந்த பெற்றோரும் பிள்ளைகளின் இறுதிக் கடனும்

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் ‘கல்வெட்டு’ என்ற சொல், கோயிற் சுவரில் பொறித்த மன்னர் சாசனத்தைவிட, இறந்த ஒருவரின் நினைவாக அச்சிட்டு, அவர் மறைந்த முப்பத்தோராம் நாளில் நடைபெறும் அந்தியேட்டியின்போது உறவினர்க்கும் அயலவர்க்கும் வழங்கும் சிறு நூலையே முதலில் குறிக்கும். ‘இறுதி வேள்வி’ எனப் பொருள்படும் வடசொல்லின் திரிபே அந்தியேட்டி. அதனோடு துடக்கு, அதாவது இறப்பினால் குடும்பத்தைச் சூழும் தீட்டு, நீங்குகின்றது. இறந்தவர்மீது பாடப்படும் சரமகவி என்னும் பழைய பாடல் வகையிலிருந்து வளர்ந்த இந்நூல், 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் அச்சகங்கள் பெருகிய பின்னர் வசதியுள்ள வீடுகளின் வழக்கமாகத் தொடங்கி, காலப்போக்கில் ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும் உரியதாயிற்று. யாழ்ப்பாணத்தின் கடலோர ஊரான வல்வெட்டித்துறையில் இதன் வரலாறு ஏனைய ஊர்களினதைவிடச் சற்று வேறானது. ஏனெனில், தொலைவில் நிகழும் சாவை அவ்வூர் அகதி வாழ்வுக்கு நெடுங்காலம் முன்னரே அறிந்திருந்தது.

கல்வெட்டின் உயிர்நிலை ‘திதி வெண்பா’ ஆகும். இறந்தவருக்கு ஆண்டுதோறும் செய்யும் திவசம் ஆங்கில நாட்காட்டியின் தேதியைப் பின்பற்றுவதில்லை. இறந்த மாதத்தின் வளர்பிறையிலோ தேய்பிறையிலோ அமைந்த பிறைநாளாகிய திதியையே அது பின்பற்றுகின்றது. அறுபது ஆண்டு வட்டத்தில் இறந்த ஆண்டின் பெயர், மாதம், பிறைப்பக்கம், திதி ஆகியவற்றை நான்கடியில் அடக்கிய அவ்வெண்பா, பஞ்சாங்கம் பார்க்க அறியாத பிள்ளையும் நெஞ்சில் வைத்திருக்கத்தக்க குறிப்பாக விளங்கியது. இலக்கிய நயம் குறைந்த வெண்பாக்களே மிகுதி என்பது உண்மையாயினும், அவற்றை அந்த அளவுகோலால் மட்டும் அளப்பது பொருந்தாது. கடனைத் தவறாமற் செய்ய விரும்பும் பிள்ளைக்கு அவை வழிகாட்டியாகவே இயற்றப்பட்டன.

பாய்க்கப்பல்கள் ஓடிய காலத்தில் வல்வெட்டித்துறையார் நாகப்பட்டினம், காக்கிநாடா, இரங்கூன் முதலிய துறைகளுக்குச் சென்று அரிசியும் ஓடும் மரமும் ஏற்றி வந்தனர். அவ்வூரில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டுப் புதுப்பெயர் பெற்று, வல்வெட்டித்துறை மாலுமிகளுடன் 1938இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்ததை ஊரவர் இன்றும் பெருமையுடன் நினைவுகூர்கின்றனர். புயலில் கப்பலோடு மறைந்தவருக்குக் கொள்ளி வைப்பதற்கு உடல் இராது. அத்தகையோருக்குத் தருப்பைப் புல்லால் உருவம் அமைத்து எரியூட்டும் முறை கிரியை நூல்களில் இருந்தது. உடலின்றியும் கடன் முடிக்கலாம் என்பதை மரபே ஏற்றிருந்தது. ஆனால் அன்று பயணம் போனவரே இறந்தார். கிரியை செய்வோர் கரையில் இருந்தனர்.

1983இன் இன வன்முறைக்குப் பின் இந்த ஒழுங்கு தலைகீழாயிற்று. 1987 மே மாதத்து வடமராட்சிப் படை நடவடிக்கை, 1989 ஆகஸ்டில் இந்திய அமைதிப்படையினர் ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்று வீடுகளை எரித்த துயரம் முதலியவை ஊரைச் சிதறடித்தன. கோடியக்கரை கடல்வழியே ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தொலைவில் இருந்தமையால் பலர் படகேறித் தமிழ்நாட்டை அடைந்து திருச்சிராப்பள்ளியில் குடியமர்ந்தனர்; இளையோர் அங்கிருந்தும் கொழும்பிலிருந்தும் இலண்டனுக்கும் ரொறொன்ரோவுக்கும் ஐரோப்பிய நகரங்களுக்கும் சென்றனர். இப்போது பயணம் போனவர் மகன், இறந்தவர் கரையில் இருந்த தாய் அல்லது தந்தை. தந்தைக்கு மூத்த மகனும் தாய்க்கு இளைய மகனும் கொள்ளி வைக்கவேண்டும் என்னும் வழக்கத்தின் முன், அகதி விண்ணப்பம் முடிவாகாத மகன் நாடு திரும்ப இயலாதவனாய் நின்றான். அவன் அந்நிய நகரத்தில் தலை மழித்து, வாடகை அறையில் படத்துக்கு விளக்கேற்றிக் கடன் தீர்த்தான். ஊரில் மருமகனோ உடன்பிறந்தார் மகனோ அவனுக்காகக் கொள்ளிக்குடம் சுமந்தான்.

இந்நிலையின் கடுமையை உலகம் அறிந்த நிகழ்வு ஒன்று உண்டு. வல்வெட்டித்துறையைச் சேர்ந்தவரும் விடுதலைப்புலிகளின் தலைவருமான பிரபாகரனின் பெற்றோர் பல ஆண்டுகள் திருச்சியில் வாழ்ந்து, 2003இல் இலங்கை திரும்பினர். தந்தை வேலுப்பிள்ளை 2010 ஜனவரியில் படையினரின் தடுப்பில் இருந்தபோது மறைந்தார். நோயுற்ற தாய் பார்வதி 2010 ஏப்ரலில் மருத்துவத்துக்காகச் சென்னைக்கு வந்தபோது விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டு, 2011 பெப்ரவரியில் வல்வெட்டித்துறையில் இறந்தார். அவரது உடல் எரிந்த இடத்தில் சாம்பல் அவமதிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. மகனின் அரசியலைப் பற்றி எவர் எக்கருத்துக் கொண்டிருப்பினும், முதிய தாயொருத்தியின் சாம்பலுக்கு நேர்ந்த இழிவு எந்த வழக்காலும் ஏற்க முடியாதது.

பின்னாளில் பிள்ளைகள் பெற்றோரைத் தம்மிடம் அழைத்துக்கொண்டபோது, சாவும் புலம்பெயர்ந்தது. ஊரில் ஊறணி மயானத்துக்கு ஆண்கள் மட்டுமே செல்வர். இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் மகளும் மருமகளும் எரியூட்டும் கூடம்வரை வருகின்றனர். இது இழப்பன்று, நெடுங்காலமாக மறுக்கப்பட்ட உரிமையின் மீட்பு. கொள்ளிக்குப் பதில் பொத்தான் அழுத்தப்படுகின்றது, பறையொலி இல்லை, பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்கும் வழக்கம் நெருப்புக்குத் தடையுள்ள மண்டபங்களில் அடையாளமாகச் சுருங்கிவிட்டது. சுண்ணம் இடிக்கும்போது பாடும் திருவாசகத்துத் திருப்பொற்சுண்ணம் மட்டும் எங்கும் குன்றாமல் ஒலிக்கின்றது. மிக நுட்பமான சிக்கல் திதியில் எழுந்தது. ரொறொன்ரோவில் மாலையில் இறந்தவருக்கு யாழ்ப்பாணத்தில் மறுநாள் விடிந்திருக்கும். அந்த நாளுக்குரிய திதியும் வேறாக இருக்கக்கூடும். திதி மாறுவது ஒரே வானத்தில் ஒரே கணத்தில் நிகழ்வதாயினும், திவசத்தின் நாள் அவ்விடத்துச் சூரிய உதயத்தையும் பொழுதையும் ஒட்டிக் கணிக்கப்படுவதால், உடன்பிறந்தார் இருவர் இரு நாடுகளில் இரு வேறு நாள்களில் ஒரே தாய்க்குப் படையல் வைப்பதும் நேர்கின்றது. வாக்கிய பஞ்சாங்கமா, திருக்கணித பஞ்சாங்கமா என்னும் யாழ்ப்பாணத்தின் பழைய வழக்கும் இதனோடு சேர்ந்துகொள்ள, வெளிநாட்டு நேரத்துக்கெனத் தனியே கணித்த பஞ்சாங்கங்கள் தேவைப்பட்டன.

இம்மாற்றங்களையெல்லாம் தாங்கிய தாள் கல்வெட்டே. ‘வல்வெட்டித்துறையைப் பிறப்பிடமாகவும் கனடாவை வதிவிடமாகவும் கொண்ட’ எனத் தொடங்கும் வாய்பாடு, முன்னர் வானொலியிலும் நாளிதழ்களிலும் மரண அறிவித்தலாக ஒலித்துப் பின்னர் நினைவு நூலின் முதற் பக்கத்திலும் இடம்பெற்றது; சிலருக்குத் திருச்சியும் இடையில் ஒரு வதிவிடமாகச் சேர்ந்தது. பிள்ளைகளின் பெயர்களுக்குப் பின்னே அடைப்புக்குறிக்குள் வரும் கனடா, இலண்டன், நோர்வே என்னும் நாட்டுப் பெயர்களைத் தொடர்ந்து படிப்பவருக்கு, அரசாங்கக் கணக்கெடுப்பு எதிலும் கிடைக்காத ஓர் ஊர்ச் சிதறலின் வரைபடம் கிடைக்கும். ஆயினும் பெரும்பாலான நூல்கள் ‘அன்பே உருவானவர்’ என்பது போன்ற பொதுப் புகழில் நின்றுவிடுகின்றன. தந்தை எந்தக் கப்பலில் எத்துறைக்குச் சென்றார், தாய் எந்த ஒழுங்கையில் வாழ்ந்தார், எவ்வாண்டு எவ்வழியாக நாட்டைவிட்டு வெளியேறினார் என்று எழுதிய சிலவே வரலாற்றாசிரியனுக்கும் பேரப்பிள்ளைக்கும் ஒருங்கே பயன்படுவன.

ஆண்டுக் கடன்களும் அவ்வாறே இடம் மாறின. தந்தையை இழந்தோர் ஆடி அமாவாசையிலும் தாயை இழந்தோர் சித்திரா பௌர்ணமியிலும் விரதம் இருப்பது யாழ்ப்பாண வழக்கம். ஆடி அமாவாசைப் படையலில் கசப்பான காத்தோட்டிக்காய்க் கறி இடம்பெறும். வல்வெட்டித்துறையில் சித்திரா பௌர்ணமி முத்துமாரியம்மன் கோயிலின் தீர்த்தத்தோடும் இந்திரவிழாவோடும் கூடிவருவதால், தாயை நினைத்து நோன்பிருக்கும் நாளே ஊர் முழுதும் விளக்கேற்றும் நாளாகவும் அமைகின்றது. புலம்பெயர்ந்தோரிற் பலர் அந்நாளை நோக்கியே ஊர்ப் பயணத்தை அமைக்கின்றனர். அந்தியேட்டிக்கும் அமாவாசைக்கும் உரிய கீரிமலைத் தீர்த்தக்கரை, 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்த பின்னர்ப் பல ஆண்டுகள் எளிதில் அணுக முடியாததாக இருந்தது. அக்காலத்தில் பிள்ளைகள் சாம்பலைத் தாம் வாழும் நாட்டின் ஆற்றிலோ கடலிலோ கரைத்தனர். வெளிநாட்டில் இறந்த பெற்றோரின் பெயரால் ஊரில் அன்னதானம் வழங்குவதும் மாணவர்க்கு உதவுவதும் அதன் பின் பெருகின.

2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம ஆவணகம், நினைவு மலர்களையும் கல்வெட்டுகளையும் தனி வகையாகத் திரட்டி எவரும் படிக்கத் தருகின்றது. எரிந்த வீடுகளோடு எத்தனையோ கல்வெட்டுகள் அழிந்தன; எஞ்சியவை முதியோரின் அலுமாரிகளிலும் பெட்டிகளிலும் உள்ளன, அவற்றைப் படிக்கக்கூடிய தலைமுறையும் குறைந்துவருகின்றது. பெற்றோரின் கல்வெட்டு ஒன்றேனும் வீட்டில் வைத்திருப்போர், அடுத்த திவசத்துக்கு முன்னர் அதன் படியொன்றை அந்த ஆவணகத்துக்கு அனுப்பிவைக்கவேண்டும்.