பூண்டியில் பறிபோன பொன்னும் ஒரு சீன எலியும்

எங்க பூண்டிக்காரங்களுக்கு இந்தக் கதை அத்துப்படி. சேரமான் பெருமாள் தந்த பொன்னோட சுந்தரர் இந்த வழியா வந்தப்ப, சிவபூதங்களே வேடர் வேஷத்துல வந்து பறிச்சுக்கிச்சாம். பதிகம் பாடினதும் அத்தனையும் திரும்பி வந்துச்சு. அதாவது பொன் அழியலைங்க, கைக்கு எட்டாம இருந்துச்சு, அவ்வளவுதான்.

மருந்து ஆலையிலயும் அப்படி ஒரு கதை உண்டு.

1948 டிசம்பர், சீனாவில் உள்நாட்டுப் போர். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த டாக்டர் வாட்சன், ஹாம்ஸ்டர்ங்கிற குட்டி எலிகள் இருபதைப் பெட்டியில அடைச்சு ஷாங்காயிலிருந்து விமானத்துல கடத்திட்டார். அமெரிக்காவில் அதுங்க பெருகிச்சு. 1957-ல் கொலராடோவில் தியோடர் பக் என்பவர், ஒரு பெண் எலியின் சினைப்பையிலிருந்து செல்களை எடுத்து வளர்த்தார். அந்த வம்சம் இன்னிக்கும் ஓயாம பெருகிட்டிருக்கு.

1987-ல் ரத்தக்கட்டியைக் கரைக்கிற டி.பி.ஏ., 1989-ல் எரித்ரோபாய்டின், 2007-ல் ஹைதராபாத் டாக்டர் ரெட்டீஸின் ரெடிடக்ஸ். எல்லாம் இந்தச் செல்லு போட்ட சோறுதான்.

இந்தச் செல்லுக்கு ஒரு விசித்திரம். புரோலின்ங்கிற அமினோ அமிலத்தை அதால தயாரிக்க முடியாது, நாமதான் ஊட்டணும். அதுக்கான ஜீன் தொலைஞ்சு போச்சுன்னுதான் தோணும். ஆனா 1980-களில் அசாசைட்டிடின்ங்கிற ரசாயனத்தைக் கொடுத்துப் பார்த்தா, பல செல்கள் தாமாவே புரோலின் செய்ய ஆரம்பிச்சுடுச்சு! ஜீன் பத்திரமாத்தான் இருந்திருக்கு. அதுமேல மீத்தைல் ஒட்டி வாயை அடைச்சு வெச்சிருந்தது.

நம்ம ஊர் பாஷையில சொன்னா, டிசைன் சரி, நூலும் சரி, நிட்டிங் மெஷின்ல ஊசியைத்தான் முடக்கியாச்சு. துணியில டிசைன் எப்படி விழும்? இதைத்தான் எபிஜெனிடிக்ஸ்ங்கறாங்க.

வில்லங்கம் எங்கேன்னா, மருந்துக்காக நாம வெளியிலிருந்து நுழைக்கிற ஜீனுக்கும் இதே கதி வரலாம். அதை முடுக்கிவிடுற வைரஸ் டி.என்.ஏ. துண்டு மேல மீத்தைல் ஏறிடும். ஜீன்ல ஒரு எழுத்துகூட மாறியிருக்காது, விளைச்சல் மட்டும் படுத்துடும். அதனாலதான் ஒரு செல் வரிசையைத் தேர்ந்தெடுக்கும் முன்னாடி பல தலைமுறை வளர்த்துப் பார்த்து, நிலையானதை உறைய வெச்சு வங்கியில பூட்டி வெக்கறாங்க. ஜீன் கையில இருந்தாலே ஒரிஜினல் மருந்தை அப்படியே நகலெடுத்துட முடியாதுங்கறதுக்கும் இது ஒரு காரணம். அந்தச் செலவெல்லாம் ஊசி விலையில வந்து நிக்குது. டயாலிசிஸ் நோயாளி இருக்கற வீட்ல கேட்டுப் பாருங்க, ஒவ்வொரு ஊசியும் எப்படிக் கடிக்குதுன்னு சொல்லுவாங்க.

சுந்தரர் பாடி மீட்டுட்டார். ஆலையில அசாசைட்டிடினை ஊத்தி மீட்க முடியாதுங்க, அது செல்லுக்கே விஷம். பறிபோகாம காவல் காக்கறதுதான் வழி.