ஈயச் சொம்பும் வால்வு ரேடியோவும்

ரசம் வைக்கத் தெரிந்தவர்களுக்கு ஈயத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஈயச் சொம்பை அடுப்பில் ஏற்றும்போது அதற்குள் புளித் தண்ணீராவது பருப்புத் தண்ணீராவது இருந்தாக வேண்டும். வெறும் சொம்பை ஏற்றிவிட்டு வாசலில் நின்று ஊர் வம்பு பேசிவிட்டு வந்தால், சொம்பு இராது. அடுப்படியில் வெள்ளிபோல ஒரு சின்னக் குளம்தான் இருக்கும். வெள்ளீயம் 232 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடுகிற உலோகம். உள்ளே தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும் வரையில் பாத்திரத்தின் சூடு நூறை விட்டு அதிகம் நகராது. தண்ணீர் வற்றியதும் காவல் போய்விடுகிறது.

இந்த வெள்ளீயத்தோடு காரீயத்தைச் சேர்த்தால் ஒரு வேடிக்கை நடக்கிறது. காரீயம் தனியே உருகுவதற்கு 327 டிகிரி வேண்டும். ஆனால் 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த கலவை 183 டிகிரியிலேயே இளகிவிடுகிறது. இரண்டு பிடிவாதக்காரர்கள் சம்பந்தம் செய்துகொண்டு, இருவருமே முன்னைவிட இளகிப்போவதை நாம் குடும்பங்களில் பார்த்ததில்லையா? அது மாதிரிதான். இந்தக் கலவைக்குத்தான் பற்றாசு என்று பெயர். ரேடியோக்காரர்கள் வெறுமனே 'ஈயம்' என்பார்கள்.

நான் பிறந்து வளர்ந்தது ராயபுரத்தில். எங்கள் பக்கத்தில் ஈயம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ரேடியோ அல்ல, தகரக் கடை. தண்டையார்பேட்டை எண்ணெய்க் கிடங்குகளுக்கு அருகில் இருக்கும் பேட்டைகளில் மண்ணெண்ணெய் டின்னுக்கா பஞ்சம்? அதை வெட்டி, மடித்து, ஈயம் பற்றவைத்து முறமாகவும் புனலாகவும் விளக்காகவும் மாற்றி விற்றவர்கள் பலர். அவர்கள் கையாண்ட கோலின் முனையில் செம்புக் கட்டி இருக்கும். அதைக் கரி அடுப்பில் காய வைப்பார்கள். தகரத்தில் ஈயம் ஒட்டுவதற்கு நவச்சாரம், அல்லது துத்தநாகத் துண்டுகளைப் போட்டு அடக்கிய அமிலம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரும் நவச்சாரத்தைத்தான் தேய்ப்பார். அது புகைந்து மூக்கில் ஏறும் நெடியை ஒருமுறை அனுபவித்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

தகரத்துக்கு நல்லதாக இருந்த அந்த அமிலம் ரேடியோவுக்கு எமன். பற்றவைத்த இடத்தில் மிச்சமிருக்கும் அமிலம் தலைமுடி கனமுள்ள செம்புக் கம்பியை மெல்ல மெல்லத் தின்றுவிடும். ஆகவே ரேடியோ வேலைக்குப் பைன் மரத்துப் பிசினைத்தான் உபயோகிக்க வேண்டும். பிடில் வித்வான்கள் வில்லில் தடவிக்கொள்வதும் இந்தப் பிசின்தான். சங்கீதத்தை உண்டாக்குவதற்கும் ஒரு பிசின், அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்கும் அதே பிசின்!

சென்னைக்கு ரேடியோ வந்த கதையைப் பார்க்கலாம். கம்பியில்லாத் தந்தி என்பது முதலில் கப்பல்காரர்களின் சமாசாரமாக இருந்தது. 1914 செப்டம்பர் 22-ம் தேதி இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் நம் துறைமுகத்துக்கு வெளியே நின்று பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்துவிட்டுப் போயிற்று. சாமர்த்தியசாலியை 'எம்டன்' என்று சொல்லும் வழக்கம் அன்றைக்குப் பிறந்ததுதான். அந்த எம்டனுக்கே முடிவு வந்தது கம்பியில்லாத் தந்தியால். கோகோஸ் தீவில் இருந்த நிலையத்தார் சந்தேகக் கப்பல் வந்திருக்கிறது என்று செய்தி அனுப்பிவிட, அதே ஆண்டு நவம்பர் 9-ம் தேதி சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் வந்து அதைத் தீர்த்துவிட்டது.

பத்தாண்டு கழித்து, 1924-ல், சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் என்ற பொறியாளர் சில நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு மதராஸ் மாகாண ரேடியோ சங்கத்தைத் தொடங்கினார். ஜூலை 31-ம் தேதி அவர்களுடைய ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. கருவியின் வலு எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? 40 வாட். இப்போது நம் வீட்டுத் திண்ணையில் எரியும் ஒரு பழைய குண்டு பல்பின் வலுதான்! பின்னால் 200 வாட் கருவி ஒன்றைக் கொண்டு வந்தார்கள். அரசாங்கம் கால் வைக்கத் தயங்கிய விஷயத்தில் ஒரு சங்கத்துப் பிரியர்கள் துணிந்து இறங்கினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது. இந்தத் தேசத்தில் ஒலிபரப்பு பிறந்தது இப்படிப்பட்ட அமெச்சூர்களின் கையில்தான்.

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் கொழும்பிலும் இதே கதை. தந்தி இலாகாவின் தலைமைப் பொறியாளரான எட்வர்ட் ஹார்ப்பர் என்ற வெள்ளைக்காரர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் ரேடியோ சாமான்களைப் பிரித்து ஒரு ஒலிபரப்பியைக் கட்டினார். சண்டைக் கப்பலின் உறுப்புகளிலிருந்து பாட்டு எழுந்தது! 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிற்று. பின்னாளில் நம் தாய்மார்கள் காது கொடுத்துக் கிடந்த இலங்கை வானொலிக்கு அதுதான் மூலம்.

சென்னைச் சங்கம் பாவம், பண முடையால் 1927 அக்டோபரில் மூடப்பட்டது. கருவி மாநகராட்சியிடம் போயிற்று. 1930 ஏப்ரல் 1-ம் தேதி முதல் மாநகராட்சியே மாலை வேளைகளில் சங்கீதம் ஒலிபரப்பியது. வீட்டில் பெட்டி வாங்க வகையற்றவர்கள் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கியின் கீழ் உட்கார்ந்து கேட்டார்கள். 1938 ஜூன் 16-ம் தேதி அகில இந்திய வானொலி எழும்பூர் மார்ஷல்ஸ் ரோட்டில் நிலையம் திறந்ததும் மாநகராட்சி தன் கடமை முடிந்ததென்று ஒதுங்கிக்கொண்டது.

அப்புறம் யுத்தம். யுத்தம் முடிந்ததும் பட்டாளத்து ரேடியோ சாமான்கள் கழிவுச் சரக்காகக் கடைவீதிகளுக்கு வந்தன. மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகத்துக்கும் வெள்ளெலிக்கும் இடையே வால்வுகளும் கண்டென்ஸர்களும் சாக்கில் கொட்டிக் கிடந்த காலம் உண்டு. பையில் எட்டணா இருந்தால் பையன்கள் ஏதாவது ஒன்றை வாங்கிவந்து வீட்டில் ஈயக்கோலைக் காய வைப்பார்கள். அம்மாவிடம் திட்டும் வாங்குவார்கள். 1985 மே 30-ம் தேதி நெருப்பு அந்த மார்க்கெட்டையே கொண்டு போய்விட்டது.

வடசென்னையில் ரேடியோ மெக்கானிக்குகள் பெருகியதற்குக் காரணம் தொழிற்சாலைகள் என்பது என் அபிப்பிராயம். 1940-களின் கடைசியில் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் எழுந்தது. 1955-ல் திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் கட்டத் தொடங்கினார்கள். மாதச் சம்பளம் வாங்கும் குடும்பங்கள் வந்தன. மர்பியோ பிலிப்ஸோ வாங்குவது என்றால் பல மாதச் சம்பளத்தைச் சேர்க்க வேண்டும். தபால் ஆபீஸில் ஆண்டுதோறும் லைசென்ஸ் பணம் வேறு கட்ட வேண்டும். இவ்வளவு பணம் போட்டு வாங்கிய பெட்டியை எவனாவது தூக்கி எறிவானா? கெட்டால் ரிப்பேர், மறுபடி கெட்டால் மறுபடி ரிப்பேர். 1952-ல் மத்திய மந்திரி கேஸ்கர் சினிமாப் பாட்டுக்கு வானொலியில் கதவடைத்ததும் எல்லோரும் இலங்கையின் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். அதற்கு நல்ல ஏரியலும் பழுதில்லாத சுருளும் வேண்டும். அந்த மந்திரி புண்ணியத்தில் மெக்கானிக்குகளுக்குப் பிழைப்பு நடந்தது! 1957-ல் விவித் பாரதி வந்த பிறகுதான் டெல்லிக்குப் புத்தி வந்தது.

கடற்காற்று இன்னொரு காரணம். காசிமேட்டுக் கரையிலிருந்து அரை மைலுக்குள் இருக்கும் வீட்டில் செம்பு எதுவும் களிம்பேறாமல் இராது. பச்சை பூத்த கம்பியில் ஈயம் ஒட்டாது. உருண்டையாகத் திரண்டு உருண்டு விழுந்துவிடும். முதலில் சுரண்டி, செம்பின் சிவப்பு தெரியும்படி செய்து, அதன்மேல் மெல்லிய ஈயப் பூச்சுக் கொடுத்த பின்தான் பற்றவைக்க வேண்டும்.

இன்று பழைய பெட்டியை வீட்டிலேயே எழுப்ப விரும்பும் இளைஞர்கள் பலரைப் பார்க்கிறேன். கல்மண்டபத்துக்கு அருகே எழுபதைத் தாண்டிய மெக்கானிக் ஒருவர் இருந்தார். அவர் கடையில் நான் பெஞ்சைத் தேய்த்த நேரங்களில் காதில் விழுந்ததை அவர்களுக்குச் சொல்லலாம்.

பழைய பெட்டியை நேராகக் கரண்டில் செருகாதீர்கள். நூறு வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் கோத்துச் செருகுங்கள். பல்பு பிரகாசமாக எரிந்து அப்படியே நின்றால் உள்ளே ஷார்ட். இரண்டாவது, சுவிட்சை அணைத்துச் செருகியைப் பிடுங்கிவிட்டாலும் பெரிய கண்டென்ஸரில் 300 வோல்ட் வரை படுத்திருக்கும். சில ஆயிரம் ஓம் ரெஸிஸ்டர் ஒன்றை அதன் முனைகளில் வைத்து வடித்த பிறகே கை வைக்க வேண்டும். ஏஸி டிஸி இரண்டிலும் ஓடும் செட்டுகளில் இரும்புச் சட்டமே கரண்டோடு சேர்ந்திருக்கும். அதைத் தொட்டுவிட்டு ஜாதகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

மெழுகு தோய்ந்த காகிதக் கண்டென்ஸர்களை ஒட்டுமொத்தமாக மாற்றிவிடுவதே உத்தமம். முக்கியமாக, கடைசி வால்வுக்குச் சத்தத்தைக் கொண்டுபோகும் கண்டென்ஸர். அது கசிந்தால் அந்த வால்வு அளவுக்கு மீறிக் கரண்டை இழுத்துச் சிவந்து செத்துப்போகும்.

பற்றவைப்பதில் ரகசியம் ஒன்றுதான்: சூடாக வேண்டியது ஈயமல்ல, இணைப்பு. கோலின் முனையில் துளி ஈயம் தடவி, இணைப்பின்மேல் வைத்து இரண்டு மூச்சு பொறுத்து, ஈயக் கம்பியை இணைப்பில் தொட வேண்டும். அது தானாக ஓடிப் பரவும். ஆறும் வரை கையை அசைக்கக் கூடாது. அசைத்தால் பளபளப்பு போய் மங்கிச் சொரசொரப்பாகிவிடும். அந்த இணைப்பு இன்று பாடும், நாளை பாடாது. சட்டத்தோடு சேரும் இணைப்புகளுக்குக் கனமான கோல் வேண்டும். டிரான்ஸிஸ்டர் செட்டுக்கு 25 வாட் போதும். பழைய ஜெர்மானியம் டிரான்ஸிஸ்டரின் காலைக் குறடால் கவ்விக்கொண்டால் சூடு குறட்டில் ஏறிவிடும், உள்ளே போகாது.

ஐரோப்பாவில் 2006 ஜூலை முதல் புதிய மின்னணுச் சாமான்களில் காரீயத்துக்குத் தடை. அதற்குப் பதில் வந்த வெள்ளீயம், வெள்ளி, செம்புக் கலவை உருக 217 டிகிரி வேண்டும். காரீயம் விஷம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பழைய இணைப்பில் பழைய கலவையைத்தான் சேர்க்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள். எங்கள் மெக்கானிக் ஈயக் கம்பியை வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்வார். அதை மட்டும் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டாம்.

2018-ல் ஒரு நாள் மாலை, வயதான அம்மாள் ஒருவர் ஆட்டோவில் மர்பி பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். துறைமுகத்தில் வேலை பார்த்த கணவர் தினம் இரவில் லண்டன் தமிழோசை கேட்பாராம். அவர் போனபின் பெட்டியும் மௌனமாகிவிட்டது. திறந்து பார்த்தால், முன்பு யாரோ ஒருவர் தகரக் கடை அமிலத்தை வைத்துப் பற்றவைத்திருக்கிறார். அத்தனை இணைப்பும் பச்சை.

"பதினேழு இடத்துல அரிச்சுடுச்சும்மா. எல்லாத்தையும் புடுங்கிட்டு புதுசா பத்த வைக்கணும். ஒரு வாரம் ஆவும்" என்றார் மெக்கானிக்.

"ஆவட்டும்பா. லண்டன் கேக்குமா?"

மெக்கானிக் என் முகத்தைப் பார்த்தார். 1941-ல் தொடங்கிய தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ம் தேதியோடு நின்றுபோயிருந்தது.

"அது நிறுத்திட்டாங்கம்மா. மெட்ராஸ் கேக்கும்."

அம்மாள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, அதாவது கேக்கட்டும். அவர் வெச்ச எடத்துல முள்ளு இருக்குது, அதை மட்டும் நகத்தாதே" என்றார்.

முள்ளை நகர்த்தாமல் ரேடியோவைச் சோதிப்பது எப்படி? மெக்கானிக் பென்சிலால் கண்ணாடியில் ஒரு கோடு போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினார். எட்டாம் நாள் மீடியம் வேவில் சென்னை நிலையம் பேசிற்று. முள்ளைக் கோட்டுக்குத் திருப்பி, ஈரத் துணியால் கோட்டைத் துடைத்துக் கொடுத்தார். அம்மாள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனார். பின்மூடியின் திருகாணிகள் இரண்டு மேஜைமேலேயே தங்கிவிட்டன. மறுநாள் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.