வேளாண் முதுநிலைக் கல்வியில் மாணவர் மதிப்பீடு

பிகார் மாநிலம் பூசாவில் 1905-இல் தொடங்கப்பட்ட வேளாண் ஆய்வு நிலையம், 1934 நிலநடுக்கத்தில் சேதமடைந்து, 1936-இல் டெல்லிக்கு மாற்றப்பட்டது. இன்று இது இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் எனப்படுகிறது. 1958-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்று, ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியுடன் முதுநிலைப் பள்ளியைத் தொடங்கியது.

அக்காலப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் ஆண்டிறுதித் தேர்வே மாணவரின் தரத்தை முடிவு செய்தது. முதுநிலைப் பள்ளி அமெரிக்க முறையைத் தழுவி, கல்வியாண்டைப் பருவங்களாகப் பிரித்தது. கற்பித்த ஆசிரியரே மாணவரைத் தொடர்ந்து மதிப்பிட்டார். ஆய்வுக்கு வழிகாட்ட ஆலோசனைக் குழு அமைந்தது.

விதைப்பு முதல் அறுவடை வரை வயலில் கற்றதை மூன்று மணி நேர விடைத்தாள் முழுமையாகக் காட்டாது. எனினும், கற்பிப்பவரே மதிப்பெண் வழங்கும்போது சார்புக்கு இடமுண்டு. ஆய்வேட்டை வெளித் தேர்வாளர் மதிப்பிடுவது அதற்கு ஒரு காப்பாகும்.