ஒரு பிடி உப்பும் பல்கலைக் கழகப் பாடமும்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம் நாட்டுப் பழமொழி. அந்த உப்பு பெருமளவில் விளையும் இடங்களுள் ஒன்று விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம். சென்னையிலிருந்து கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குச் செல்வோர் இங்கே சதுரம் சதுரமான பாத்திகளையும், வரப்புகளில் குவிந்து கிடக்கும் வெண்ணிற உப்பையும் காணலாம். உப்பளங்களுக்கு அப்பால் கழுவெளி என்னும் பெரிய நீர்ப்பரப்பு உள்ளது. சுற்றுவட்டார ஏரிகளின் மிகைநீர் அங்கு வந்து சேர்ந்து, எடையன்திட்டுக் கழிமுகம் வழியாக வங்கக் கடலை அடைகிறது. காக்கிநாடாப் பக்கமிருந்து கடலோரமாகவே வரும் பக்கிங்காம் கால்வாய் முடிவதும் இப்பகுதியில்தான்.

இந்த உப்பளத்திலிருந்து ஒரு பிடி உப்பை எடுத்துப் பல்கலைக் கழகத்திற்குக் கொண்டு சென்றால், அதை எந்தத் துறையில் ஒப்படைப்பது? வேதியியலிலா, பொருளாதாரத்திலா, வரலாற்றிலா, உயிரியலிலா? கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இயற்கை வளத்தைக் கெடுக்காமல் நீடித்துப் பயன்படுத்தும் அறிவை உயர்கல்வியில் எவ்வாறு புகட்டுவது என்று நூறாண்டுக் காலமாக நடந்துவரும் விவாதம் முழுவதும் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

உப்புக்குள் எத்தனை பாடங்கள்!

முதலில் வேதியியலார் சொல்வதைக் கேட்போம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றுள் நாம் உண்ணும் சோடியம் குளோரைடு சுமார் 27 கிராம். வெயிலில் நீர் ஆவியாகக் கரைசலின் அடர்த்தி ஏறுகிறது. அதைப் போமே அளவையில் அளந்து, "டிகிரி" என்று உப்பளத்தார் சொல்வர். கடல்நீரின் அளவு 3 டிகிரியை ஒட்டியிருக்கும். 13 டிகிரியைக் கடந்த பின் ஜிப்சம் படிகிறது. 25 டிகிரியில் சமையல் உப்பு படிகமாகத் தொடங்குகிறது. 29 டிகிரியைத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகளும் கலந்து கசப்பு ஏறிவிடும். ஆகவே அதற்கு முன்பே உப்பை வாரிவிட்டு எஞ்சிய நீரை வெளியேற்ற வேண்டும்.

இனி இயற்பியலார் ஒரு கணக்குப் போடுவார். ஒரு டன் உப்புக்குக் குறைந்தது 37,000 லிட்டர் கடல்நீர் வேண்டும். அந்த நீரை அடுப்பேற்றிக் காய்ச்சுவதாக இருந்தால், வெப்பம் சிறிதும் வீணாகாது என்று வைத்துக்கொண்டாலும், நடுத்தரமான நிலக்கரி ஏறத்தாழ 4 டன் எரிந்து போகும். மரக்காணத்தில் இந்த வேலையைக் கதிரவனும் கடற்காற்றும் கூலியின்றிச் செய்கின்றன. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வேலை நின்றுவிடுகிறது.

அந்த மழை மாதங்களில் உப்பளத் தொழிலாளி எதைக் கொண்டு வாழ்கிறார் என்பது பொருளாதாரத் துறையின் கேள்வி. பகலெல்லாம் வெண்பரப்பில் எதிரொளிக்கும் வெயில் அவர் கண்ணையும், உவர்நீர் அவர் பாதத்தையும் என்ன செய்கின்றன என்பது மருத்துவத் துறையின் கேள்வி. உவர்நீர்த் தேக்கங்களில் வாழும் ஆர்ட்டீமியா என்னும் சிற்றுயிரியும் அதைத் தேடி வரும் நீர்ப்பறவைகளும் உயிரியலார்க்கு உரியவை. தமிழாசிரியரோ சங்க நூல்களில் உப்பு வண்டியோட்டிச் செல்லும் உமணரைக் காட்டுவார். சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் இம் மரக்காணப் பகுதியே என்று ஆய்வாளர் கருதுவதையும் எடுத்துரைப்பார். வரலாற்றாசிரியர்க்கு 1930-ஆம் ஆண்டின் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகம் இருக்கிறது.

ஆக, ஒரு பொருள், பாடங்கள் பல. எனினும் நம் கல்லூரிகளில் இவை தனித்தனிக் கட்டடங்களில் நடக்கின்றன. ஒரு கட்டடத்தில் சொல்வது மற்றொன்றில் கேட்பதில்லை.

தென்னார்க்காட்டில் ஒரு முன்னோடி முயற்சி

இந்தச் சுவர்களை உடைக்கும் முயற்சி நம் மாநிலத்திற்குப் புதிதன்று. 1915-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக் கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்தின் முதற் பேராசிரியராக கில்பர்ட் ஸ்லேட்டர் பொறுப்பேற்றார். இந்தியக் கிராமத்தைப் பார்க்காமல் இந்தியப் பொருளாதாரத்தைக் கற்பிக்க முடியாது என்பது அவர் கருத்து. எனவே தம் மாணவர்களிடம் வினாப்பட்டியலைக் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். அவர்கள் நிலம், பாசனம், பயிர், தொழில், கடன் முதலியவற்றைக் குறித்துக்கொண்டு வந்தனர். இவ்வாறு திரட்டியவை 1918-இல் நூலாக வெளிவந்தன. அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து இருவேல்பட்டும் அக் கிராமங்களுள் ஒன்று. மரக்காணமும் அதே மாவட்டத்தில்தான் அப்போது இருந்தது.

இந்த ஆய்வின் பெருமை அத்துடன் முடியவில்லை. அதே கிராமங்களைப் பின்வந்தோர் 1930-களிலும், அதன் பிறகும் மீண்டும் சென்று ஆராய்ந்தனர். இருவேல்பட்டின் மாறுதல்களை ஒரு நூற்றாண்டளவுக்கு ஒப்பிட்டுப் பார்க்க இன்று முடிகிறதென்றால், அதற்கு வித்திட்டவர்கள் விடுமுறையில் கையேட்டுடன் ஊருக்குச் சென்ற கல்லூரி மாணவர்களே. ஒரு வளம் நீடிக்கிறதா, தேய்கிறதா என்பதை ஒரே நாளில் கண்டறிய இயலாது. பழைய அளவு ஒன்று எழுதி வைக்கப்பட்டிருந்தால்தான் இன்றைய அளவுக்குப் பொருள் உண்டு.

கெடிஸும் நம் ஐந்திணையும்

அதே காலத்தில் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் பாட்ரிக் கெடிஸ் இந்தியாவுக்கு வந்தார். அவர் உயிரியல் பயின்றவர். நகரமைப்புத் துறையில் புகழ் பெற்றவர். நகரமைப்பு பற்றிய அவருடைய கண்காட்சிப் பொருள்கள் கப்பலில் வந்துகொண்டிருந்தன. அக் கப்பலை 1914 அக்டோபரில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்தது. சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசிய அதே எம்டன்தான்! கெடிஸ் தளரவில்லை. புதிதாகப் படங்களைத் திரட்டி 1915-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். பின்னர் 1919-இல் பம்பாய்ப் பல்கலைக் கழகத்தில் சமூகவியல் பேராசிரியரானார்.

மலையுச்சி முதல் கடற்கரை வரை ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கைக் குறுக்கே வெட்டியதுபோல் வரைந்து, எந்த இடத்தில் எந்தத் தொழில் பிறக்கிறது என்று காட்டுவது கெடிஸின் முறை. மலையில் சுரங்கத் தொழிலாளி, காட்டில் மரம்வெட்டி, சமவெளியில் உழவன், கரையில் மீனவன் என்று அப்படம் அமையும். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என நிலத்தையும் தொழிலையும் வாழ்வையும் சேர்த்தே எண்ணிய தமிழர்க்கு இது அந்நியமான கருத்தன்று. நிலத்தை முதலில் ஆராய்க, பிறகு திட்டமிடுக என்பதே கெடிஸ் தந்த பாடம். புவியியலும் உயிரியலும் சமூகவியலும் ஒரே படத்தில் சந்திக்க வேண்டும் என்பது அதன் உட்பொருள்.

திபிலிசி முதல் டெல்லி வரை

ஸ்லேட்டரும் கெடிஸும் தனி மனிதர்கள். உலக நாடுகள் கூடி இதைப் பற்றிப் பேசியது 1977 அக்டோபரில். அன்றைய சோவியத் நாட்டின் ஜார்ஜியாவிலுள்ள திபிலிசி நகரில் யுனெஸ்கோ நிறுவனம் ஒரு மாநாட்டைக் கூட்டியது. சுற்றுச்சூழல் கல்வி வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும். அது ஒரு துறைக்குள் அடங்காமல் எல்லாத் துறைகளையும் தழுவ வேண்டும் என்று அம் மாநாடு வழி காட்டியது. அதற்கு முந்திய ஆண்டில், இயற்கைச் சூழலைக் காப்பது குடிமக்களின் கடமை என்ற விதி நம் அரசியலமைப்பில் 42-ஆம் திருத்தத்தின் வாயிலாகச் சேர்க்கப்பட்டிருந்தது. 1990-இல் பிரான்ஸ் நாட்டுத் தலுவார் நகரில் கூடிய பல்கலைக் கழகத் தலைவர்கள் இதே பொறுப்பைத் தாங்களும் ஏற்பதாக அறிக்கை வெளியிட்டனர்.

இந்தியாவில் வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. பள்ளியிலும் கல்லூரியிலும் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க நடவடிக்கை எடுக்கும்படி அது பணித்தது. ஆண்டுகள் கடந்தும் வேலை முழுமை பெறாததால் 2003-இல் நீதிமன்றம் மீண்டும் வற்புறுத்த வேண்டியிருந்தது. அதன்பின் பல்கலைக் கழக மானியக் குழுவின் ஆறு மாதப் பாடத்திட்டம் எல்லா இளநிலைப் பட்டப் படிப்புகளிலும் இடம்பெற்றது. இலக்கிய மாணவரும் வணிகவியல் மாணவரும் அதைப் படித்தாக வேண்டும். மொத்தம் 50 வகுப்புகள். அவற்றுள் 45 வகுப்பறையில், 5 வெளிக்களத்தில்.

இங்கேதான் ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். திபிலிசி விரும்பியது எல்லாப் பாடங்களிலும் கலந்த கல்வி. நமக்குக் கிடைத்தது தனியாக ஒரு பாடம். இதற்குக் காரணம் இல்லாமலில்லை. தனிப் பாடமென்றால் நூல் எழுதலாம், தேர்வு வைக்கலாம், நடந்ததா என்று சரிபார்க்கலாம். எல்லாரும் கற்பிக்க வேண்டும் என்று விட்டுவிட்டால் ஒருவருமே கற்பிக்காமல் போகவும் கூடும். ஆயினும் இதற்குக் கொடுத்த விலை பெரிது. சுற்றுச்சூழல் என்பது அந்த ஒரு மணி நேரத்துக்கு உரியது, மற்ற வகுப்புகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்ற எண்ணம் மாணவர் மனத்தில் எளிதில் வேரூன்றிவிடுகிறது.

துறைகள் பேசாததன் விளைவு

இது வெறும் கல்விக்கூடத்து வாதம் என்று நினைக்க வேண்டாம். 1990-களில் தமிழகக் கடற்கரை நெடுகிலும் இறால் பண்ணைகள் பெருகின. மீன்வளத் துறையினர் எத்தனை டன் விளையும் என்று பார்த்தனர். வங்கியினர் கடன் திரும்புமா என்று பார்த்தனர். ஏற்றுமதியாளர் அந்நியச் செலாவணியைப் பார்த்தனர். அவரவர் கணக்கு அவரவர் பாடப்புத்தகப்படி சரியே. ஆனால் பண்ணையின் உவர்நீர் மண்ணில் ஊறி, அடுத்த ஊர்க் கிணற்றையும் வயலையும் கெடுக்கும் என்பது எவர் கணக்கிலும் வரவில்லை. காந்தியத் தொண்டர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதியில் இத்தகைய பண்ணைகளுக்குத் தடை விதித்தது. பின்னர் 2005-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென ஓர் ஆணையத்தை ஏற்படுத்தி, விதிகளுடன் இத்தொழிலை அனுமதித்தது.

அத்தொழில் நல்லதா தீயதா என்பது வேறு விவாதம். திட்டத்திற்குக் கையெழுத்திட்டவர்கள் அனைவரும் படித்தவர்கள் என்பதே இங்கு எண்ணத்தக்கது. அவர்களுக்கு அறிவு குறைவில்லை. ஒரு துறையின் அறிவு அடுத்த துறையைச் சென்றடைய வழியில்லாமல் இருந்தது.

கண்முன் கிடக்கும் ஆய்வுக்கூடம்

இன்று மரக்காணம் இந்தப் பாடத்தைக் கற்பிக்க ஏற்ற இடம். கழுவெளியில் 5,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பைத் தமிழக அரசு 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் அது ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம் பெற்றது. 1985-இல் நிறுவப்பட்ட புதுச்சேரிப் பல்கலைக் கழகம் இதே கடற்கரைச் சாலையில் காலாப்பட்டில் இருக்கிறது. சாலிம் அலி பெயரால் அமைந்த சூழலியல் பள்ளியும் அங்கு உண்டு. திண்டிவனம், விழுப்புரம் கல்லூரிகளுக்கும் கழுவெளி தொலைவில் இல்லை.

மானியக் குழுவின் திட்டத்திலேயே வெளிக்களப் பணிக்கு 100-க்கு 25 மதிப்பெண் ஒதுக்கப்பட்டிருந்தது. பாடத்திட்டங்கள் பின்னர் மாறினும், அந்த வாய்ப்பு போகவில்லை. வேதியியல் மாணவர் தம் வழக்கமான செய்முறைப் பயிற்சியில் கழுவெளியின் உவர்ப்பை மாதந்தோறும் அளக்கலாம். கணித மாணவர் அந்த அளவுகளைக் கொண்டே புள்ளியியல் பயிலலாம். வணிகவியல் மாணவர் ஒரு மூட்டை உப்பின் விலையில் தொழிலாளிக்குச் சேரும் பங்கைக் கணக்கிடலாம். தமிழ் மாணவர் உப்பளத்தாரும் மீனவரும் நீரையும் காற்றையும் குறித்து வழங்கும் சொற்களைத் தொகுக்கலாம். புதிய தாள் எதுவும் வேண்டியதில்லை; பழைய தாள்களுக்கு எடுத்துக்காட்டுகளை ஊரிலிருந்து எடுத்தால் போதும். ஆண்டு முடிவில் எல்லாத் துறையினரும் ஓர் அறையில் அமர்ந்து தத்தம் குறிப்புகளைப் படித்துக் காட்ட வேண்டும். அந்த ஒரு நாள்தான் முக்கியம். பறவைக்கு வேண்டிய நீர்மட்டமும், மீனவர்க்கு வேண்டிய முகத்துவாரமும், உழவர்க்கு வேண்டிய நன்னீரும், உப்பளத்துக்கு வேண்டிய உவர்நீரும் ஒன்றோடொன்று மோதுவது அப்போதுதான் மாணவர்க்குத் தெரியவரும்.

நாளை அவர்களுள் ஒருவர் வங்கி மேலாளராகலாம், மற்றொருவர் பொறியாளராகலாம், இன்னொருவர் வட்டாட்சியராகி மரக்காணத்துக்கே வரலாம். அவர் முன் ஒரு கோப்பு வைக்கப்படும். கையெழுத்திடுமுன், தம் துறைக்கு அப்பாலுள்ள ஒரு கேள்வியை அவர் கேட்டாரானால், பல்கலைக் கழகம் தன் பாடத்தை ஒழுங்காக நடத்தியது என்று நாம் கொள்ளலாம்.