பேர் மாற்றப்பட்ட தட்டு

வீடு இல்லை என்று சொல்வதற்கு ஊருக்கு ஊர் ஒரே பேச்சுதான். ‘இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனார்’ என்பார்கள். நம்மிடம் ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று கேட்டுவிட்டுச் சொல்வார்கள். நியூயார்க்கில் அந்தக் கேள்விக்கும் வேலையில்லை. தோலைப் பார்த்தாலே போதும்.

1950களின் பின்பாதியில் சன்னி ராலின்ஸ் என்ற கருப்பர் அந்த நகரத்தில் வாடகைக்கு வீடு தேடினார். டெனார் சாக்ஸபோன் ஊதுகிறவர். முப்பது வயதுகூட ஆகவில்லை. 1956இல் பதிவான ‘சாக்ஸபோன் கொலாசஸ்’ தட்டுக்குப் பிறகு ஜாஸ் உலகமே அவரைத் தலையில் தூக்கி வைத்திருந்தது. மேடையில் ஊதினால் கைதட்டுவார்கள். குடிவருகிறேன் என்றால் கதவைச் சாத்துவார்கள். இந்த அவமானமும் சேர்ந்துதான் 1958இல் ‘ஃப்ரீடம் சூட்’ என்ற தட்டாக வந்தது. விடுதலைத் தொகுப்பிசை என்று சொல்லலாம்.

ராலின்ஸ் 1930இல் நியூயார்க்கின் கருப்பர் பகுதியான ஹார்லெமில் பிறந்தவர். பெற்றோர் கரீபியன் கடலின் வர்ஜின் தீவுகளிலிருந்து வந்தவர்கள். பாட்டி மார்கஸ் கார்வியின் இயக்கத்தைச் சேர்ந்தவர். பேரனையும் ஊர்வலங்களுக்குக் கூட்டிப்போனார். பிள்ளை கொடி பிடித்து வளர்ந்தது. தாய்வழி வந்த தீவுப் பாட்டின் தாளம்தான் அவருடைய புகழ்பெற்ற ‘செயின்ட் தாமஸ்’ ஆனது. போதைக்கு அடிமையானதும், சிறை போனதும், 1955இல் சிகிச்சை எடுத்து மீண்டதும் இந்தக் கதையில் உண்டு.

‘ஃப்ரீடம் சூட்’ ஏறக்குறைய 19 நிமிடம். தட்டின் ஒரு பக்கம் முழுக்க அது ஒன்றுதான். மூன்றே பேர்: ராலின்ஸ், பேஸ் வாசித்த ஆஸ்கர் பெட்டிஃபோர்ட், டிரம்ஸ் அடித்த மேக்ஸ் ரோச். பியானோ கிடையாது. பியானோ இருந்தால் இந்தச் சுரக்கூட்டுக்குள்ளேயே நில் என்று கோடு போட்டுக்கொண்டே வரும். அதை எடுத்துவிட்டால் ஊதுகிறவன் தன் வழியைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். பாட்டு வரி ஒன்றுகூட இல்லாத அந்த இசைக்கு ராலின்ஸ் சில வாக்கியங்கள் எழுதி அட்டையில் போடவைத்தார். அமெரிக்காவின் பேச்சு, சிரிப்பு, இசை எல்லாவற்றுக்கும் வேர் கருப்பரிடம் இருக்கிறது. அந்தக் கருப்பரைத்தான் இந்த நாடு மிதிக்கிறது என்பது அதன் சாரம்.

மாண்ட்கோமரியில் கருப்பர்கள் பேருந்தைப் புறக்கணித்து வென்று இரண்டு வருசம்கூட ஆகாத நேரம். லிட்டில் ராக்கில் ஒன்பது கருப்பினப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகப் பட்டாளம் வர வேண்டியிருந்தது அதற்கு முந்தின வருசம்.

சில வருசங்களில் அதே கம்பெனி தன் துணை நிறுவனத்தின் பேரில் அந்தத் தட்டை மறுபடி வெளியிட்டது. இசை அதேதான். பேர் மட்டும் ‘ஷேடோ வால்ட்ஸ்’ ஆகிவிட்டது. மறுபக்கத்தில் ராலின்ஸ் வாசித்திருந்த ஒரு பழைய சினிமாப் பாட்டின் பேர் அது. விடுதலை பின்னுக்குப் போய்விட்டது, நிழல் நடனம் முன்னுக்கு வந்துவிட்டது. ஊதினவர் ஊதினபடியே இருக்கிறார், அவர் எதற்காக ஊதினார் என்பதை அட்டையிலிருந்து எடுத்தாச்சு.

நம்ம ஊரில் பறைக்கு நடந்ததை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. கொடைக்கும் சாவுக்கும் அடிக்க ஆள் வேணும். ‘இனிமே அடிக்க மாட்டோம்’ என்று சேரி சொன்னால் ஊருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். சத்தம் வேணும், சத்தம் போடுகிறவனின் பேச்சு வேண்டாம். இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அவருக்குக் காசும் பேரும் கிடைத்தன. நம்ம தாத்தன் பேர் எந்தத் தட்டிலும் இல்லை.

1959இல், புகழின் உச்சியில், ராலின்ஸ் மேடையை விட்டு விலகினார். எனக்குக் கொடுக்கிற புகழுக்கு நான் இன்னும் தகுதியாகவில்லை என்பது அவர் எண்ணம். வீட்டில் ஊதினால் பக்கத்து வீட்டுக் கர்ப்பிணிப் பெண்ணுக்குத் தொந்தரவு. ஆகவே கிழக்கு ஆற்றின் மேல் போகிற வில்லியம்ஸ்பர்க் பாலத்துக்குப் போனார். ரயிலும் கப்பலும் போடுகிற சத்தத்தோடு, பனிக்காலத்திலும், ஒரு நாளில் பல மணி நேரம். 1961வரை இப்படி. அடுத்த வருசம் வந்த தட்டின் பேரே ‘தி பிரிட்ஜ்’. அதில் கிதார் வாசித்த ஜிம் ஹால் வெள்ளையர். நம்ம ஆள் இல்லாமல் இவன் எதற்கு என்று கருப்பர் சிலர் கோபப்பட்டார்கள். ராலின்ஸ் அவரை விடவில்லை.

தன் பதிவுகளைக் கேட்பதே அவருக்குப் பிடிக்காது. கண்ணாடி அறைக்குள் அடைபட்டு ஊதுகிறவர் வேறு, சனங்கள் முன்னால் ஊதுகிறவர் வேறு. 1957 நவம்பர் 3இல் வில்லேஜ் வான்கார்ட் என்ற நிலவறை விடுதியில் நேரடியாகப் பிடித்த பதிவைக் கேட்டால் வித்தியாசம் தெரியும். 1986இல் சாகர்டீஸ் என்ற ஊரில் ஊதிக்கொண்டே மேடையிலிருந்து குதித்தார். குதிகால் எலும்பு முறிந்தது. மல்லாந்து கிடந்தபடியே ஊதினார். ராபர்ட் மக்கி எடுத்த படத்தில் அதைப் பார்க்கலாம். 2001 செப்டம்பரில் உலக வர்த்தக மையம் விழுந்தபோது அவர் குடியிருப்பு ஆறு தெரு தள்ளி. 39ஆவது மாடியிலிருந்து சாக்ஸபோனோடு இறங்கி வந்தவர், நாலாம் நாள் பாஸ்டனில் ஊதினார். மனைவி லூசில் சொன்னதால்தான் போனார். அந்தக் கச்சேரி 2005இல் தட்டாக வந்தது.

இந்தியாவோடும் அவருக்கு ஒரு தொடர்பு உண்டு. 1960களின் பின்பகுதியில் பம்பாய் பவாயில் ஓர் ஆசிரமத்தில் தங்கி யோகமும் வேதாந்தமும் படித்தார். மன அமைதி தேடி வந்தவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் பார்த்த இந்தியா ஆசிரமத்து இந்தியா. வீடு மறுக்கப்பட்ட அந்த மனிதருக்கு, சேரி என்று தனியாக ஓர் இடம் இங்கே உண்டு என்பதை வேதாந்தம் சொல்லித்தருமா? 1972இல் அதே பம்பாயில் நாம்தேவ் தசாலும் ராஜா தாலேயும் ஜே.வி. பவாரும் தலித் பேந்தர்ஸ் ஆரம்பித்தார்கள். அந்தப் பேரை அவருடைய சனங்களின் பிளாக் பேந்தர்ஸிடமிருந்துதான் எடுத்தார்கள். ஆசிரமத்து வாசலைத் தாண்டி நம்மவர்களும் அவரும் சந்தித்திருந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். வீட்டுக்காரன் கதையிலிருந்தே பேச்சு தொடங்கியிருக்கும்.

2012க்குப் பிறகு நுரையீரல் நோயால் அவர் மேடை ஏறவில்லை. ‘ஃப்ரீடம் சூட்’ பிற்பாடு தன் சொந்தப் பேரோடு திரும்பி வந்தது. 2017இல் அவருடைய குறிப்பேடுகளும் பதிவுகளும் ஹார்லெமின் ஷாம்பர்க் ஆய்வு மையத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பாட்டி கைப்பிடித்து ஊர்வலம் கூட்டிப்போன அதே ஹார்லெம்தான். நம்ம பறைக்காரர்களின் அடவுகளையும் பேர்களையும் அவர்கள் உயிரோடு இருக்கும்போதே யார் எழுதி வைப்பது? நாம்தான் எழுத வேண்டும். அட்டையில் என்ன பேர் போடுவது என்பதையும் நாமே முடிவு பண்ண வேண்டும்.