கருவாடு காயும் ஐம்பது வெள்ளி

நடுவர் அவர்களே! "குடியேறியவன் மனசு எப்பவுமே விட்டு வந்த ஊரிலேதான் இருக்கும்" என்று எதிரணி நண்பர் உருகி உருகிப் பேசினார். பாவம், அவர் கையிலே சிங்கப்பூர் ஐம்பது வெள்ளி நோட்டு அகப்பட்டதில்லை போலிருக்கிறது! (சிரிப்பு)

சிராங்கூன் சாலையில் காய்கறி வாங்கப் போயிருந்தோம். என் துணைவியார் அந்த நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏங்க, பொம்பளைங்க கருவாடு காயப் போடுறாங்க!" என்றார். நிஜம்தான். 1999-இல் வெளிவந்த அந்த நோட்டில் முன்பக்கம் முதல் அதிபர் யூசோஃப் இஷாக். பின்பக்கம் சியோங் சூ பியெங் 1978-இல் வரைந்த கருவாட்டு ஓவியம்.

யார் இந்த சியோங்? சீனாவின் அமோய் நகரில் 1917-இல் பிறந்தவர். 1946-இல் சிங்கப்பூர் வந்து, நான்யாங் நுண்கலைக் கழகத்தில் ஆசிரியரானார். 'நான்யாங்' என்றால் தென்கடல். யாருக்குத் தெற்கு? சீனத்திலிருந்து பார்ப்பவனுக்குத்தான் தெற்கு! பள்ளிக்கூடத்துப் பெயரிலேயே பழைய ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன், எதிரணி இப்போதே கைதட்டிக் கொள்ளலாம். (சிரிப்பு)

ஆனால் 1952-இல் என்ன நடந்தது? லியூ காங், சென் சோங் சுவீ, சென் வென் சி, சியோங் ஆகிய நாலு பேரும் பாலித் தீவுக்குப் புறப்பட்டுப் போனார்கள். அந்த வெயில், அந்தச் சந்தை, சாரங் கட்டிய பெண்கள் எல்லாவற்றையும் வரைந்து வந்து, 1953-இல் சிங்கப்பூரில் கண்காட்சி வைத்தார்கள். அதற்குப் பிறகு சியோங்கின் ஓவியத்தில் நீண்ட கையும் நீண்ட கழுத்துமாக இந்த வட்டாரத்துப் பெண்கள் குடிவந்து விட்டார்கள். கருவாட்டுப் படத்தைப் பாருங்கள். மை சீனத்து மை. காய்கிற மீன் தென்கடல் மீன்!

அதே நோட்டில் கொடிகளுக்கு நடுவே இரண்டு கிப்பன் குரங்குகள். வால் கிடையாது, கைதான் நீளம். வரைந்தவர் சென் வென் சி. பழைய சீனத்து ஓவியத் துறவி மு சி வரைந்த கிப்பனை அச்சுப் படத்தில் பார்த்து மயங்கியவர் அவர். சிங்கப்பூரில் என்ன செய்தார் தெரியுமா? கிப்பன்களை வாங்கி வீட்டிலேயே வளர்த்தார்! அவை தொங்குவதை, தாவுவதைப் பார்த்துப் பார்த்து வரைந்தார்.

எதிரணி நண்பரே, சொந்த நாடு அவருக்குக் காட்டியது அச்சுப் படம். உயிரோடு துள்ளுகிற கிப்பன் கிடைத்தது வந்து சேர்ந்த ஊரில்!

என் துணைவியாரோ, அந்த ஐம்பது வெள்ளியைக் காய்கறிக் கடையில் கொடுக்கவே இல்லை. பைக்குள் துழாவிச் சில்லறையாகப் பொறுக்கிக் கொடுத்தார்.