கூவியர் விளக்கு: இரவுக்கடையின் வரலாற்றைப் படிக்கும் முறை குறித்து

தமிழகத்தில் வீட்டுக்கு வெளியே உண்பதும் குடிப்பதும் எப்படி வளர்ந்தன என்று எழுத வருபவர் எவரும் ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற கட்டுரையைத் தாண்டித்தான் போக வேண்டும். நானும் அதிலிருந்தே தொடங்குகிறேன். காலனியக் காலத் தமிழ் நடுத்தர வர்க்கம், குறிப்பாகப் பிராமணர், காப்பியை முதலில் அச்சத்துடன் பார்த்ததையும் பின்னர் அதைத் தம் பண்பாட்டு அடையாளமாகவே ஆக்கிக்கொண்டதையும் அவர் நிறுவிய விதத்தில் எனக்கு மறுப்பில்லை. மறுப்பு அதன் மறுபாதி மீது. காப்பிக்கு எதிர்நிலையில் டீயை வைத்து, அதை நகர்ப்புற உழைப்பாளியின் பானம் என்று வர்க்க அடையாளமாகவே படிக்கும் பாதி அது. சென்னையின் தென்புறநகரில் தாம்பரம், குரோம்பேட்டை, அஸ்தினாபுரம் வட்டாரத்தின் இரவுக்கடைகளைப் பார்க்கத் தொடங்கிய பிறகு அந்தப் படிப்பு எனக்குப் போதவில்லை. காப்பிக்கும் டீக்கும் நடுவே ஓடும் கோடு வர்க்கக் கோடாவதற்கு முன்பே நேரக் கோடாக இருந்தது என்பது என் வாதம்.

முதலில் சான்றுகளின் தன்மை. நாவல், பத்திரிகை, விளம்பரம், தன்வரலாறு என அச்சில் வந்தவையே வேங்கடாசலபதியின் பெரும்பாலான ஆதாரங்கள். இவற்றை எழுதியவர்களின் நாள் விடியலில் தொடங்கி விளக்கு வைத்த சிறிது நேரத்தில் முடிந்துவிடும். அவர்கள் காப்பியைப் பற்றி எழுதும்போது எழுதுவது காலையைப் பற்றி. பழைய சோற்றின் இடத்தில் வந்து உட்கார்ந்த பானத்தைப் பற்றி. இரவு பதினொரு மணிக்குத் தெருவில் நின்று குடிப்பவன் அவர்கள் பக்கங்களில் வந்தால் தூரத்துக் காட்சியாகவே வருகிறான். அவனைத் தூரத்தில் வைத்தது வர்க்கமா, அந்த நேரத்தில் எழுத்தாளர் உறங்கிக்கொண்டிருந்ததா என்ற கேள்வியை அந்தக் கட்டுரை எழுப்பவில்லை.

அடுத்தது பண்டத்தின் இயல்பு. பில்டரின் மேல்தட்டில் பொடியை அமுக்கிக் கொதிநீர் ஊற்றினால் டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். இறங்கியதை நெடுநேரம் வைத்திருந்தால் மணம் போய்விடும். பாலும் அப்போது காய்ச்சியதாக இருக்க வேண்டும். கூட்டம் சேர்ந்து வரும் நேரத்துக்கு உரிய பானம் அது. டீ அப்படியல்ல. பாய்லரில் வெந்நீர் கொதித்துக்கொண்டே இருக்கும். துணி வடிகட்டியில் டஸ்ட் தூள் கிடக்கும். ஒருவர் வந்தால் ஒரு கிளாஸ், பத்துப் பேர் வந்தால் பத்து. பால் தீர்ந்துபோனாலும் வியாபாரம் நிற்காது, பால் இல்லாமலே ஆற்றித் தருவார் மாஸ்டர். யார் எப்போது வருவார் என்று தெரியாத நேரத்தில் விற்கக்கூடிய பானம் இதுதான். உழைப்பாளி டீயைத் தேர்ந்ததற்கு விலையும் காரணம், 1930களில் தேயிலைத் துறை நடத்திய பெரும் பிரசாரமும் காரணம். ஆனால் அவன் வேலை முடித்து வந்த நேரத்தில் அடுப்பு அணையாமல் இருந்த கடை டீக்கடைதான் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வர்க்கப் படிப்பு இன்னொரு சிக்கலையும் மறைக்கிறது. காப்பி ஹோட்டல் சாதி பார்த்தது, டீக்கடை எல்லோரையும் சேர்த்தது என்ற எண்ணத்துக்கு அது எளிதில் இடம் கொடுத்துவிடுகிறது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு ‘பிராமணாள்’ பலகையை எதிர்த்துப் பெரியார் இயக்கம் நடத்திய கிளர்ச்சி நாம் அறிந்ததே. ஆனால் சாதி பார்த்துத் தனிக் குவளை வைக்கும் இரட்டைக் குவளை முறை இருந்தது எங்கே? கிராமத்து டீக்கடையில். ஆகவே பானத்தை வைத்துக் கடையின் குணத்தைச் சொல்ல முடியாது. பலகை, கூடம், தடுப்பு, தனிக் குவளை ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே முன்நிபந்தனைதான்: வருபவன் இன்னான் என்று கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரயிலடியில் நள்ளிரவில் இறங்குபவனை யாருக்கும் தெரியாது. இரவு சாதியை ஒழித்தது என்று நான் சொல்லவில்லை. அதைச் செயல்படுத்துவதைக் கடினமாக்கியது என்று மட்டும் சொல்கிறேன்.

இனி இந்தக் கட்டுரைக்கு என்னைத் தூண்டிய சான்று. பத்துப்பாட்டில் மிக நீளமானது மதுரைக்காஞ்சி, 782 அடிகள். அதில் வரும் நாளங்காடி (பகல் சந்தை), அல்லங்காடி (இரவுச் சந்தை) வருணனைகளைக் கொண்டு மதுரையின் ‘தூங்கா நகரம்’ என்ற பெயரைச் சங்க காலத்துக்கே கொண்டுபோய்விடுகிறார்கள். பாட்டைத் தொடர்ந்து படித்தால் மாங்குடி மருதனார் நேர்மாறாகச் சொல்வது தெரியும். அல்லங்காடியின் ஆரவாரம் அந்திக்கு உரியது. இரவு ஏறியதும் சங்கொலி அடங்குகிறது, கடைகளை அடைத்துவிடுகிறார்கள், மகளிர் உறங்குகிறார்கள், விழாக் கூத்தரும் ஓய்ந்துவிடுகிறார்கள். ஓய்ந்த கடல்போல் ஊர் அடங்குகிறது. அதன் பிறகு விழித்திருப்பவர்கள் கள்வரும் காவலரும்தான்.

இந்த அடங்கலின் நடுவே கூவியர் வருகிறார்கள். அடையும் மோதகமும் இனிய பாகும் வைத்து விற்கும் அப்ப வாணிகர். அவர்கள் செயலைச் சொல்லப் புலவர் ஒரு வினையோடு நிற்கவில்லை. ‘தூங்கு’, ‘உறங்கு’ என்ற இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறார். இன்று நமக்கு இரண்டும் ஒன்று, ஆகவே கூறியது கூறல்போலத் தோன்றும். சங்க வழக்கில் ‘தூங்குதல்’ முதன்மையாகத் தொங்குதல், அசைதல், ஆடுதல். தூங்கணாங்குருவியின் பெயரில் அந்தப் பொருள் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆக, கூவியர் படுத்து உறங்கவில்லை. சரக்கின் அருகில் உட்கார்ந்தபடியே ஆடி விழுந்து கண்ணயர்கிறார்கள். பெருங்கடைகளுக்கு ‘அடைத்து’ என்ற வினை. கூவியருக்கு அது இல்லை. அடைக்காத கடை, உறங்கும் கடைக்காரர், தீராத பண்டம்: ஒருவன் வந்து தட்டி எழுப்பினால் வியாபாரம் நடக்கும்.

இரண்டு வினைச்சொற்களின் மீது அளவுக்கு மிஞ்சிய பாரத்தை ஏற்றுகிறேன் என்று சொல்வார்கள். ‘தூங்குவனர் உறங்க’ என்பதை வெறும் அழுத்தமாகவும் கொள்ளலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிலப்பதிகாரக் கடலாடு காதை என் பக்கம் நிற்கிறது. புகாரின் கடற்கரையில் இரவில் எரியும் விளக்குகளை இளங்கோ வரிசையாக எண்ணும்போது மோதகம் விற்பவர் விளக்கு, கூவியர் விளக்கு, மீன் விற்பவர் விளக்கு என்று வணிகம் வணிகமாகப் பிரிக்கிறார். கூவியர் விளக்கின் அகலையும் தண்டையும்கூடத் தனியே சொல்கிறார். இரவில் தின்பண்டம் விற்பது தனக்கென ஒரு கருவியை, தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும் வெளிச்சத்தைக் கொண்ட தொழிலாக இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இரு நூல்களின் காலம் பற்றியும் ஆய்வாளரிடையே ஒத்த முடிவில்லை. அவற்றுக்கும் தாம்பரத்துக்கும் இடையே அறுபடாத தொடர்ச்சி உண்டென்றும் நான் கூறவில்லை. நான் எடுத்துக்கொள்வது அந்தப் பாகுபாட்டை: அடைக்கும் கடை வேறு, கண்ணயரும் கடை வேறு.

அந்தப் பாகுபாட்டை 1947ஆம் ஆண்டு சென்னை மாகாணக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் அப்படியே அறிந்திருந்தது. திறக்கும் நேரமும் மூடும் நேரமும் வகுத்த அந்தச் சட்டம், மூடிய பின் தெருவோரத்தில் விற்பதையும் தனியே தடுத்தது. நடக்காத ஒன்றைத் தடுக்கச் சட்டத்தில் ஒரு பிரிவு எதற்கு?

தென்புறநகருக்கு வருவோம். குரோம்பேட்டைக்குப் பெயர் தந்த குரோம் தோல் தொழிற்சாலை 1912இல் வந்தது. காசநோய் மருத்துவமனை 1928இல். கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931இல். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு இடம் மாறியது. தாம்பரம் ஏற்றுமதி வளாகம் 1984இல். இந்த வரிசையில் இரவுக்கடையைப் பிறப்பித்தது எது? தொழிற்சாலை என்பது வர்க்கப் படிப்பு தரும் விடை. நான் மின்ரயில் என்பேன். தோல் தொழிலாளி வேலை செய்யும் இடத்தருகில் குடியிருக்க முடியும், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவான். நகரத்தில் வேலை, புறநகரில் வீடு என்று பிரித்து, நள்ளிரவை ஒட்டி ஒரு கூட்டத்தை ஒரே படிக்கட்டில் இறக்கிவிட்டது ரயில்தான். அந்தக் கூட்டத்தில் குமாஸ்தாவும் இருந்தார், கூலியாளும் இருந்தார், தினசரி அச்சகத்துக்காரரும் இருந்தார். இதற்கு நேரடி ஆவணம் மெலிது. ஆனால் கடைகள் நிற்கும் இடத்தைப் பாருங்கள்: நிலைய வாசல், ஜி.எஸ்.டி. சாலைப் பேருந்து நிறுத்தம், அங்கிருந்து உள்ளே போகும் சாலையின் முதல் வளைவு. குரோம்பேட்டையிலிருந்து அஸ்தினாபுரம் செல்லும் ராஜேந்திர பிரசாத் சாலையில் இரவு நடந்தால் இந்த ஒழுங்கைக் கண்ணால் காணலாம். இட்லி, தோசை வண்டிகளும் கொத்து பரோட்டாக் கல்லின் ஓசையும் ஆலை வாசலைத் தேடிப் போகவில்லை. வீடு திரும்பும் வழியைத் தேடி வந்து நிற்கின்றன. தள்ளுவண்டியில் டிபன் போடும் பழக்கம் இங்கே தொடங்கிய ஆண்டை 1931க்குப் பின் என்று மட்டும் வைக்கிறேன்; அதைவிடக் குறுக்க மாட்டேன்.

2019இல் தமிழக அரசு பத்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள கடைகளை 24 மணி நேரமும் திறக்க அனுமதித்தது. 2022இல் அதை நீட்டித்தது. கணவன் தோசை வார்க்க மனைவி பார்சல் கட்டும் வண்டிக்கு அந்த ஆணை பொருந்தாது. இரவைத் தொழிலாக்கியவர் கூவியர்; இரவுக்கு அனுமதி பெற்றவர் பெருங்கடைக்காரர்.

2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. தென்மாவட்டப் பேருந்துகளுக்காகப் பெருங்களத்தூரிலும் தாம்பரத்திலும் பின்னிரவில் காத்திருந்த கூட்டத்தில் ஒரு பகுதி அங்கே போய்விட்டது. அந்தக் கூட்டத்தை நம்பியிருந்த அடுப்புகளும் இடம் பெயர்கின்றன. இந்த வட்டாரத்துப் பழைய டீ மாஸ்டர்களிடமும் வண்டிக்காரர்களிடமும் எந்த ஆண்டு, எந்த ரயில், எந்த மூலை என்று இப்போதே கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று இளம் ஆய்வாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். என் முடிவைத் திருத்தக்கூடிய ஆவணம் அவர்களிடம்தான் இருக்கிறது.